சிரபுஞ்சி மலையில் அருவி யாத்திரை

பள்ளிக்கூடத்துப் பூகோள புஸ்தகத்தில் நாமெல்லாரும் படித்த பெயர் சிரபுஞ்சி. மேகாலயத்தின் காஸி மலைகளில் உள்ள இவ்வூரில், 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை பன்னிரண்டே மாதங்களில் 26,461 மில்லிமீட்டர் மழை கொட்டியிருக்கிறது. வங்கக் கடலிலிருந்து புறப்படும் மேகங்கள் சமவெளியைக் கடந்து, செங்குத்தான இந்த மலைச்சுவரில் மோதுவதே இதற்குக் காரணம். அந்த மழைதான் நோகாலிகாய் அருவியாகச் சுமார் 340 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது.

நோகாலிகாயை மேட்டில் நின்றபடியே தரிசிக்கலாம். மலையின் அந்தரங்கத்தை அறிய வேண்டுமானால் கால்நடையாகத்தான் போகவேண்டும். டிர்னா கிராமத்திலிருந்து நோங்ரியாட்டுக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இறங்கும்போது நம் முழங்கால்கள் முறையிடுகின்றன. திரும்பி ஏறும்போது மூச்சு முறையிடுகிறது. ஆனால் அங்கேயுள்ள இரண்டடுக்கு வேர்ப்பாலத்தைக் கண்டதும் களைப்பு மறந்துபோகிறது. ஆல இனத்து மரமொன்றின் உயிருள்ள வேர்களை ஓடைக்குக் குறுக்கே செலுத்தி, அவை பின்னித் தடிக்கும்வரை பல ஆண்டுகள் பொறுத்திருந்து காஸி மக்கள் உண்டாக்கிய பாலம் அது. அதற்கப்பால் காட்டுப்பாதையில் நடந்தால் வானவில் அருவி.

குளிர்காலத்தில் பாதை அவ்வளவாக வழுக்காது. ஆனால் அருவிகள் மெலிந்துவிடும்; ஊராருக்குக் குடிநீரே அரிதாகிவிடும்! மரம் அழிந்த மேட்டில் மண் கரைந்துபோயிற்று. வெறும் பாறையில் மழைநீர் தங்காமல் சமவெளிக்கு ஓடிவிடுகிறது. மாபிளாங் என்னுமிடத்தில் காஸி மக்கள் தெய்வத்துக்கென்று விட்டுவைத்த தோப்பில் மட்டும் ஒரு சுள்ளியைக்கூட வெளியே எடுத்துச் செல்லக்கூடாதென்பது வழக்கம். அருவி பார்க்கச் செல்வோர் அந்தத் தோப்பையும் அவசியம் பார்த்து வரவேண்டும்.