காகத்துக்குச் சொந்தக்கார மாங்குயில்

1976-இல் சிங்கப்பூர் வெளியிடத் தொடங்கிய பறவை நோட்டு வரிசையில், 500 வெள்ளித் தாளில் இடம்பிடித்தது கரும்பிடரி மாங்குயில். அத்தனை பெரிய தாளை உங்கள் தாத்தா பாட்டியே அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். பறவையைப் பார்க்கக் காசு வேண்டாம், பிள்ளைகளே. பூங்கா, பள்ளித் திடல், வீவக அடுக்குமாடிகளுக்கு நடுவே உள்ள மரங்கள் என எங்கும் அது வரும்.

பளிச்சென்ற மஞ்சள் உடம்பு, இளஞ்சிவப்பு அலகு. இரு கண்களிலிருந்தும் கிளம்பும் கறுப்புப் பட்டை பிடரியில் போய் ஒன்றுசேரும். இளம் பறவைக்குப் பட்டை மங்கலாக இருக்கும், நெஞ்சில் கோடு கோடாக இருக்கும். வேறு ஏதோ பறவை என்று நினைத்துவிடுவோம். குரல் புல்லாங்குழல் போல இனிமை. பழமும் பூச்சியும் தின்னும். சின்னப் பறவைகளின் கூட்டுக்குள் தலையை விட்டு முட்டையையும் குஞ்சையும் தூக்கிக்கொண்டு போகும். நோட்டுப் படத்தில் இதெல்லாம் தெரியாது!

இதன் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் மலேசியத் தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருக்கிறார். ஆண் பறவைக்குத் தலையும் தொண்டையும் கன்னங்கரேல், முதுகு மஞ்சள், வெள்ளை வயிற்றில் கறுப்புக் கோடுகள். அடர்ந்த தாழ்நிலக் காட்டின் உச்சிக் கிளைகள்தான் அவர் வீடு. காடு அழிந்தால் நகரத்து மாங்குயிலைப் போல நம் பூங்காவுக்குக் குடிவந்து சமாளிக்க அவருக்குத் தெரியாது.

சரி, மஞ்சளும் கறுப்புமாக இருந்தால் மாங்குயிலா? அமெரிக்காவிலும் அப்படிப் பறவைகள் உண்டு. அங்கே குடியேறிய ஐரோப்பியர்கள் அவற்றையும் 'ஓரியோல்' என்றே அழைத்தார்கள். ஆனால் அவை வேறு குடும்பம். மரபணுவை ஒப்பிட்டபோது, அந்த அமெரிக்கப் பறவைகளுக்கு நம் மாங்குயிலைவிடச் சிட்டுக்குருவிதான் கிட்டத்துச் சொந்தம் என்று தெரிந்தது. நம் மாங்குயிலோ காகம், கரிச்சான் இருக்கும் பக்கம் போய்ச் சேர்ந்தது. தேக்காவில் சோற்றுப் பருக்கை பொறுக்கும் அந்தக் காகமேதான்!

இன்னொரு வேடிக்கை நியூ கினி காட்டில் இருக்கிறது. பிடோஹுய் என்ற ஆரஞ்சு, கறுப்புப் பறவையின் தோலிலும் இறகிலும் விஷம் இருப்பதை 1992-இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். தென் அமெரிக்க விஷத் தவளைகளிடம் உள்ள அதே வகை விஷம். பறவை தானாக அதை உண்டாக்குவதில்லை. அது தின்னும் சிறு வண்டுகளிடமிருந்து வருகிறது. மரபணு ஆய்வுக்குப் பிறகு, இந்த விஷக்காரரும் மாங்குயில் குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்.