நிழற்கிளையில் ஒரு வடநாட்டு விருந்தாளி

ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னுமாகச் சில சிறு பறவைகள் வடக்கிலிருந்து காவிரிப் படுகைக்கு வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒன்று பழுப்பு ஈப்பிடிப்பான். கிழக்குச் சைபீரியா, ஜப்பான், இமயமலை அடிவாரம் ஆகிய இடங்களில் கூடு கட்டும் இவ்வினம், குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கழித்து, பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும். இதன் நீளம் 13 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 10 கிராம்.

நோயாளருக்கும் உடனிருப்போருக்கும் காத்திருக்கும் நேரம் நீண்டது. சன்னலுக்கு வெளியே வேம்போ புளியோ நின்றால், அந்நேரத்தில் இப்பறவையைத் தேடிப் பார்க்குமாறு அழைக்கிறோம். சம்பா வயலின் வெட்டவெளியில் இது தென்படுவது அரிது; வயலையொட்டிய தோப்பு, கொல்லை, நந்தவனம் ஆகியவையே இதற்கு உகந்தவை.

முதலில் நடத்தையை நோக்குவோம். நிழல் மிகுந்த கிளையில் இது நிமிர்ந்து, அசைவின்றி அமர்ந்திருக்கும். திடீரெனப் பறந்து, பூச்சியைக் காற்றிலேயே கவ்வி, அதே கிளைக்கோ அருகிலுள்ள கிளைக்கோ மீளும். ஆகவே அது பறந்துவிட்டதென்று வருந்த வேண்டியதில்லை. அக்கிளையிலேயே கண் வைத்திருந்தால் போதும்.

அடுத்து உருவம். மேற்புறம் சாம்பல் கலந்த பழுப்பு. அடிப்புறம் மங்கிய வெண்மை. பெரிய கரிய கண்ணைச் சுற்றி வெண்வளையம். கீழ் அலகின் அடிப்பகுதி வெளிர்மஞ்சள். கால்கள் கறுப்பு.

கால்களின் நிறத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். இதைப் பெரிதும் ஒத்த பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்குக் கால்கள் வெளிர்நிறமாக இருக்கும். கீழ் அலகு முழுவதும் மஞ்சள். அதன் அறிவியல் பெயர் மஸ்சிகாப்பா முத்துயி. இலங்கையில் பறவைகளை ஆராய்ந்த எட்கர் லேயார்டு, 1854-இல் அவ்வினத்தை விவரித்தபோது, அதைத் தம்மிடம் கொண்டுவந்து சேர்த்த பணியாளர் முத்துவின் பெயரையே அதற்குச் சூட்டினார். அவருடைய கூரிய பார்வை இன்றும் அப்பறவையின் பெயரில் நிலைத்திருக்கிறது.

படுக்கையருகே விழித்திருப்போர், மூச்சின் மாற்றத்தையும் முகத்தின் வாட்டத்தையும் சொல்லாமலே அறிகின்றனர். அத்தகைய கண்ணுக்கு இச்சிறு பறவை அகப்படாமல் போகாது.

எழுந்து நடக்க இயலாதவரிடம், கண்டதை விரிவாகச் சொல்லுங்கள்: எந்த மரம், எந்தக் கிளை, கால் என்ன நிறம். நடக்க இயன்றவர்கள், மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே பனிக்காலையில் வெளியே செல்லுங்கள். அவசரம் வேண்டாம். இப்பறவை குளிர்காலத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றியே இரை தேடும். இன்று காணாவிடில் நாளையும் அதே கிளையைப் பார்க்கலாம்.