ஒரு தேக்கரண்டியில் 21 மாத்திரை

குளிரும் மழையும் மாறி மாறி வரும் வெலிமடைப் பக்கத்தில் தைலச் சீசா இல்லாத லயக் காம்பரா அபூர்வம். கொழுந்துக் கூடை சுமந்து தோள் கடுத்தால் வின்டர்கிரீன், பல் வலித்தால் கராம்பு எண்ணெய், பிள்ளைக்கு மூக்கடைத்தால் யூக்கலிப்டஸ். பெரும்பாலும் சாமிப் படத்துக்குக் கீழே, தீப்பெட்டிக்கும் சூடத்துக்கும் பக்கத்தில்தான் அவற்றுக்கு இடம். மூன்று வயதுப் பிள்ளை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டால் எட்டிவிடும் உயரம்.

இவற்றில் மிகவும் பயப்பட வேண்டியது வின்டர்கிரீனுக்குத்தான். அதில் கிட்டத்தட்ட முழுவதும் அஸ்பிரினின் உறவுப் பொருளான மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீட்டர் உள்ளே போனால், 325 மில்லிகிராம் அஸ்பிரின் மாத்திரை சுமார் 21ஐ ஒரேயடியாக விழுங்கிய கணக்கு. அதற்கும் குறைவான அளவிலேயே சின்னப் பிள்ளைகள் இறந்திருப்பதை மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. வெளியே தேய்ப்பதிலும் சிக்கல் உண்டு. இருதய நோய்க்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் குடிக்கும் தாத்தாவுக்கு முழங்காலில் தாராளமாகப் பூசினால், தோல் வழியாக ஊறி இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

தைலங்களைப் பற்றிச் சந்தேகம் வந்தால் வல்லுநர்கள் புரட்டும் நூல் ஒன்று இருக்கிறது. ராபர்ட் டிசரண்ட், ரோட்னி யங் இருவரும் எழுதிய 'எசென்ஷியல் ஆயில் சேஃப்டி'. 2014ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் 400 எண்ணெய்களின் விவரம் இருக்கிறது. இப்படிப்பட்ட கையேட்டைப் பலரும் தலைகீழாகத்தான் படிக்கிறார்கள்: தலைவலிக்கு எது, சளிக்கு எது என்று நோயிலிருந்து தேடுகிறார்கள். தேட வேண்டியது தாவரத்தின் முழுப் பெயரை. அதன் பிறகு, எண்ணெய் எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது என்பதை.

நம் நாட்டுக் கறுவாவையே பார்க்கலாம். மரம் ஒன்று, எண்ணெய் இரண்டு. இலையில் எடுப்பதில் பெரும்பங்கு யூஜினோல். பட்டையில் எடுப்பதில் சினமல்டிஹைட். தோலில் பூச இந்நூல் விதிக்கும் உச்ச அளவு இலை எண்ணெய்க்கு 0.6 சதவீதம், பட்டை எண்ணெய்க்கு 0.07 சதவீதம். மில்லிலீட்டருக்கு 20 சொட்டு என்று வைத்தால், 30 மில்லிலீட்டர் தேங்காய் எண்ணெயில் இலை எண்ணெய் மூன்று சொட்டு போடலாம். பட்டை எண்ணெயோ அரைச் சொட்டுக்கும் குறைவு! வீட்டில் அதை யார் அளப்பது? பட்டை எண்ணெயைத் தோலுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே மேல்.

ஆனால் சீசாவில் என்ன எழுதியிருக்கிறது? வெறுமனே 'கறுவா எண்ணெய்'. அதுவும் பல நேரம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழ் அரசகரும மொழியாகி முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது; தோட்டத்துத் தாய் படிக்க வேண்டிய எச்சரிக்கை மட்டும் இன்னும் அவள் மொழிக்கு வந்து சேரவில்லை. பெரிய கலனிலிருந்து பழைய மருந்துப் போத்தலுக்கு ஊற்றி விற்பதில் லேபலே கிடையாது. 400 எண்ணெய்க்கு விவரம் இருந்து என்ன பயன், கையில் இருப்பது அதில் எது என்றே தெரியாதபோது?

பிள்ளைகள் விஷயத்தில்தான் இது உயிர்ப் பிரச்சினையாகிறது. யூக்கலிப்டஸ் தைலத்திலுள்ள சினியோல், கைக்குழந்தையின் மூக்கருகே பட்டால் மூச்சையே திணறடிக்கக்கூடும். பத்து வயதுக்குக் கீழே முகத்துப் பக்கம் பூச வேண்டாம் என்பது அந்த நூலின் எச்சரிக்கை. சீனியில் இரண்டு சொட்டு விட்டுக் கொடுக்கும் பழக்கம் இன்னும் மோசம். கை தவறிக் கூடுதலாக உள்ளே போனால் அரை மணி நேரத்துக்குள்ளேயே மயக்கமும் வலிப்பும் வரலாம். சூடத்தைக் கடித்துத் தின்ற பிள்ளைக்கும் வலிப்பு வரலாம்.

'பாட்டி காலத்திலிருந்து செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே' என்பார்கள். பாட்டி கொதிக்க வைத்தது ஒரு பிடி இலை. நல்ல இனத்து யூக்கலிப்டஸ் இலை ஒரு கிலோவை வடித்தால் கிடைப்பது இரண்டு முதல் நான்கு தேக்கரண்டி எண்ணெய்; ஒரு பிடியில் இருப்பது அதில் சிறு பங்குதான். ஊவா மலைகளில் விறகுக்கும் பலகைக்கும் வளர்த்திருக்கும் கிராண்டிஸ் இனத்திலோ சினியோல் சொற்பம்.

நுளம்புக்குச் சிட்ரொனெல்லா பூசுவோருக்கும் ஒரு வார்த்தை. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அந்த எண்ணெய் சேர்ந்த பூச்சுகள் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை, டீட் என்ற விரட்டி மருந்து 23.8 சதவீதம் கலந்தது ஐந்து மணி நேரம் தாங்கியது. டெங்குக் காலத்தில் வாசனையை மட்டும் நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது.

பிள்ளை குடித்துவிட்டால் விரலை விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். தோட்டத்து டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், சீசாவையும் எடுத்துக்கொண்டு. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்திடம் டாக்டர்கள் ஆலோசனை கேட்கலாம். அங்கிருந்து வரும் முதல் கேள்வி, என்ன எண்ணெய் என்பதுதான். வின்டர்கிரீன் என்றால் இரத்தத்தில் சாலிசிலேட் அளவைச் சில மணிக்கொருமுறை பார்த்தபடி இருக்க வேண்டும். யூக்கலிப்டஸ் என்றால் மூச்சையும் வலிப்பையும் கவனிக்க வேண்டும். லேபல் இல்லாத போத்தலென்றால், மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் டாக்டரும் ஊகிக்க வேண்டியிருக்கும்.