வீட்டுக்குள் தண்ணீர்: குழாய் மூட்டுகளை அறிந்துகொள்வோம்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று புதிய காணியில் வீடு கட்டும்போது, கையிலுள்ள பணம் முடியும் கட்டத்தில்தான் தண்ணீர்க் குழாய் வேலை வந்து நிற்கிறது. அத்திவாரம், சுவர், கூரை, கதவு எல்லாம் ஆன பின்பு மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தை ஹாட்வெயார் கடையில் கொடுக்கும்போது எதை வாங்குகிறோம், ஏன் வாங்குகிறோம் என்று தெரியாவிட்டால், சில மாதங்களிலேயே பூசிய சுவரை உடைத்து வேலையை மறுபடியும் செய்ய நேரிடும்.

மாத்தளை மாவட்டத்தில் இவ்வாறு புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தவர்கள் பலர். 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் வீடுவாசலை இழந்து போனவர்களும் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். 2017இல் மொறகஹகந்தையிலும் 2018இல் களுகங்கையிலும் நீர் தேக்கப்பட்டபோது வயலையும் தோட்டத்தையும் விட்டு எழும்பியவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையிலும் மண்சரிவிலும் மலையகமெங்கும் குடும்பங்கள் இருப்பிடம் இழந்தன. காரணங்கள் வேறு, ஆயினும் புது வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீரை எப்படி உள்ளே கொண்டுவருவது?

இதில் மக்கள் எம்மிடம் அடிக்கடி கேட்பது செம்புக் குழாய் பற்றி. வெளிநாட்டில் வேலை செய்து திரும்பிய பிள்ளைகள் "செம்புதான் நிலைக்கும்" என்கிறார்கள். கடைக்காரரோ "பி.வி.சி. போதும்" என்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. எது எந்த இடத்துக்கு என்பதே நாம் அறிய வேண்டியது.

எந்த வேலைக்கு எந்தக் குழாய்?

குளிர்ந்த தண்ணீருக்கு எமது நாட்டில் பொதுவாகப் பாவிக்கப்படுவது பி.வி.சி. குழாய். அது துருப்பிடிக்காது, பாரமில்லை, வீட்டார் தாமே வெட்டி ஒட்டலாம். அதற்கு இரண்டு பகைவர்கள்: சூடும் வெயிலும். தண்ணீர் சூடாகச் சூடாகக் குழாயின் பலம் குறையும். 60 பாகை செல்சியசில் அது இளகத் தொடங்கிவிடும். வெளியே வெயிலில் கிடந்தால் சில ஆண்டுகளில் மொறுமொறுத்து உடையும். ஆகவே அதை மண்ணுக்குள் புதைக்க வேண்டும், அல்லது நிழலில் கொண்டுபோக வேண்டும், அல்லது வெள்ளைப் பெயின்ற் பூச வேண்டும்.

செம்புக் குழாய்க்குச் சூடு ஒரு பொருட்டல்ல. வெயிலும் அதைத் தொடாது. ஆனால் விலை பல மடங்கு. பொருத்துவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். பழைய செம்புக்கு எப்போதும் விலை உண்டு என்பதால் வெளியே தெரியும்படி ஓடும் குழாய் களவு போகவும் கூடும். எனவே எமது கருத்து இது: கிணறு அல்லது பொதுக்குழாயிலிருந்து தாங்கிக்கும், தாங்கியிலிருந்து சமையலறைக்கும் மலசலகூடத்துக்கும் பி.வி.சி. போதும். வெந்நீர்க் கருவி பூட்டியிருந்தால், அதிலிருந்து குளியலறைக்குப் போகும் சிறு தூரத்துக்கு மட்டும் செம்பைப் பாவியுங்கள். வெந்நீர்க் கருவி இல்லாத வீட்டுக்குச் செம்புக் குழாய் வீண் செலவு.

மூட்டுத் துண்டுகளின் பெயர்கள்

நீளக் குழாய் இலகுவில் ஒழுகுவதில்லை. ஒழுகுவது பெரும்பாலும் மூட்டு. கடைக்குப் போகுமுன் இந்தப் பெயர்களை அறிந்துகொள்ளுங்கள்.

சொக்கட்: இரண்டு குழாய்களை நேராக இணைப்பது.

எல்போ: மூலையில் திரும்புவதற்கு. பென்ட் என்பதும் திரும்புவதற்கே, ஆனால் அகலமாக வளையும். தண்ணீரின் வேகம் குறைவாகவே தடைப்படும்.

டீ: ஒரு குழாயிலிருந்து கிளை பிரிப்பதற்கு.

ரெடியூசிங் சொக்கட்: பெரிய குழாயிலிருந்து சிறியதற்கு இறங்குவதற்கு.

வால்வ் சொக்கட்: ஒரு பக்கம் ஒட்டுவதற்கு, மறுபக்கம் வெளிப்புறத் திருகாணி. வால்வுக்குள் இது போகும்.

போசட் சொக்கட்: ஒரு பக்கம் ஒட்டுவதற்கு, மறுபக்கம் உட்புறத் திருகாணி. டெப் இதற்குள் வரும்.

யூனியன்: குழாயை வெட்டாமல் கழற்றிப் பூட்டக்கூடிய மூட்டு. மோட்டர், தாங்கி, வால்வு ஆகியவற்றின் அருகே ஒன்று இருந்தால் பின்னர் திருத்த வேலை இலகுவாகும்.

எண்ட் கேப்: குழாயின் முனையை மூடுவதற்கு. பின்னொரு நாள் இன்னோர் அறை கட்டும் எண்ணம் இருந்தால், அந்தப் பக்கம் ஒரு டீ வைத்து மூடிவிடுங்கள்.

டெப் பூட்டும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. பித்தளை டெப்பைப் பிளாஸ்டிக் போசட்டுக்குள் பலமாக இறுக்கினால் போசட் வெடித்துவிடும். உள்ளே பித்தளைத் திருகாணி வைத்த போசட்டுகள் கடையில் உண்டு. விலை சற்று அதிகமானாலும் டெப் வரும் இடங்களுக்கு அவற்றையே வாங்குங்கள்.

குழாய் வாங்கும்போது எஸ்.எல்.எஸ். 147 என்ற தரக் குறியீடு அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மழைநீர் வடியும் மெல்லிய குழாயைக் குடிநீருக்குப் பாவிக்கலாகாது.

பி.வி.சி. ஒட்டும் முறை

குழாயை நேராக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பிலுள்ள பிசிரைச் சுரண்டி எடுங்கள். கம் பூசாமல் ஒருமுறை செருகிப் பார்த்து, எவ்வளவு உள்ளே போகிறது என்று பென்சிலால் அடையாளமிடுங்கள். பிறகு இரு பக்கத்தையும் துடைத்து உலர்த்தி, இரு பக்கத்திலும் மெல்லியதாகக் கம் பூசி, காற்சுற்றுத் திருப்பியபடி அடையாளம் வரை தள்ளி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். அதிகமாகக் கம் பூசினால் அது உள்ளே வழிந்து குழாயை அரிக்கும், தண்ணீரும் நாறும். ஈரத்தில் ஒட்டலாகாது. ஒட்டிய அன்றே தண்ணீரைத் திறந்துவிடாமல் ஒரு நாள் பொறுங்கள். அவசரப்பட்டுத் திறந்த மூட்டு பின்னர் கசியும்.

செம்புக் குழாயைப் பொருத்தும் இரு முறைகள்

செம்புக் குழாயின் அளவு வேறு. பிரித்தானிய முறைப்படி வரும் குழாய்கள் வெளிவிட்டத்தில் 15, 22, 28 மில்லிமீற்றர். அரை அங்குல பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 20 மில்லிமீற்றர். எனவே ஒன்றை மற்றதற்குள் செருகி ஒட்ட முடியாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் திருகாணியுள்ள பித்தளைத் துண்டு ஒன்று வேண்டும்.

முதலாவது முறை, நட்டு இறுக்கிப் பொருத்துவது. குழாயை நேராக வெட்டிப் பிசிரை நீக்கி, முதலில் நட்டையும் அடுத்து மெல்லிய வளையத்தையும் குழாயில் கோத்து, குழாயை மூட்டுக்குள் முட்டும்வரை தள்ளுங்கள். நட்டைக் கையால் இறுகும்வரை திருகி, பின் ஸ்பெனரால் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று இறுக்கினால் போதும். வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்விக்கொள்வதே இங்கு அடைப்பு. இன்னும் இறுக்கினால் நல்லது என்று நினைத்து இறுக்குவோர் குழாயையே நசுக்கிவிடுகிறார்கள். இந்த மூட்டை வீட்டார் தாமே செய்யலாம், கழற்றவும் முடியும். ஆனால் சுவருக்குள் மறைத்துப் பூசலாகாது.

இரண்டாவது முறை, பற்றவைப்பது. குழாயின் முனையையும் மூட்டின் உட்புறத்தையும் பளபளக்கும்வரை தேய்த்து, பற்றுப்பசை பூசிச் செருகி, மூட்டைச் சூடாக்க வேண்டும். தீயைப் பற்றுக் கம்பியில் பிடிக்கலாகாது. மூட்டு போதிய சூடானதும் கம்பியை அதன் வாயில் தொட்டால், உருகிய பற்று நூலிழை போன்ற இடைவெளிக்குள் தானே இழுபட்டுப் போகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போன்றதே இது. குழாய்க்குள் துளி தண்ணீர் இருந்தாலும் சூடு ஏறாது, பற்றும் ஓடாது. இது பழகிய பைப் பாஸின் வேலை. மரக் கூரை அருகே தீப் பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

செம்பு சூட்டில் நீளும் என்பதையும் மறக்கலாகாது. 3 மீற்றர் குழாய் 50 பாகை சூடேறினால் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் நீளும். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சீமெந்தால் இறுக்கிப் பூசாமல் சற்று இடம் விடுங்கள்.

உடல்நலம் பற்றி

பற்றுக் கம்பி வாங்கும்போது ஈயம் கலவாததையே கேளுங்கள். ரேடியோ, மின்சார வேலைக்கு விற்கும் கம்பியில் ஈயம் இருக்கலாம். ஈயம் தண்ணீரில் கரைந்து பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஐக்கிய அமெரிக்கா குடிநீர்க் குழாய்களில் ஈயப் பற்றை 1986இல் தடைசெய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி ஒரு லீற்றர் குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமுக்கும், செம்பு 2 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது.

மலை ஊற்று நீர் பெரும்பாலும் மென்மையானது. சில இடங்களில் சற்று அமிலத்தன்மையும் உண்டு. அத்தகைய நீர் செம்பை மெல்ல அரிக்கும். டெப்புக்குக் கீழே நீலப்பச்சைக் கறை படிந்தால் அதுவே அடையாளம். காலையில் முதலில் வரும் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காமல், பாத்திரம் கழுவவோ கன்றுகளுக்கு ஊற்றவோ பாவியுங்கள். தம்புள்ளை, கலேவெலப் பக்கத்துக் கிணற்று நீரின் குணம் வேறு. அங்கே கடினத்தன்மை அதிகம். சுண்ணாம்பு படிந்து வெந்நீர்க் குழாய் சிறுகச் சிறுக அடைபடும். அங்குள்ளோர் கழற்றக்கூடிய மூட்டுகளையே பூட்ட வேண்டும்.

பழைய நாக முலாம் பூசிய இரும்புக் குழாய் உள்ள வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர் ஓடும் திசையில் செம்பு முன்னும் இரும்பு பின்னுமாக வரலாகாது. செம்பிலிருந்து கரைந்து வரும் சிறு துகள் நாக முலாமில் படிந்து, அந்த இடத்தைத் துளைத்துவிடும்.

மலைச் சரிவும் அழுத்தமும்

றத்தோட்டை, உக்குவளை, லக்கலைப் பக்கங்களில் மேட்டிலிருந்து தண்ணீரைத் தானாகவே இறக்கிக்கொள்ளலாம். இங்கே ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊற்றுத் தொட்டிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு 10 மீற்றர் உயர வித்தியாசத்துக்கும் 100 கிலோபஸ்கால் அழுத்தம் சேரும். குழாயில் 600 என்று வகை குறித்திருந்தால் அது 600 கிலோபஸ்கால், அதாவது 60 மீற்றர் உயரத்தைத் தாங்கும். 1000 என்றிருந்தால் 100 மீற்றர். சரிவு இதற்குக் கிட்டவாக வந்தால் இடையில் திறந்த தொட்டி ஒன்றைக் கட்டி அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். இல்லையேல் இரவில் எல்லா டெப்புகளும் மூடியிருக்கும் நேரத்தில் கீழேயுள்ள மூட்டுகள் கழன்றுவிடும்.

மூடுமுன் சோதியுங்கள்

அகழியை மண்ணால் மூடுவதற்கும் சுவரைப் பூசுவதற்கும் முன்பு, டெப்புகளைத் திறந்து காற்றை வெளியேற்றி, பின் எல்லாவற்றையும் மூடி, ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த விரலால் தடவிப் பாருங்கள். செக்கனுக்கு ஒரு துளி சொட்டினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லீற்றர் போகும். மாதத்துக்கு 600 லீற்றர். மீற்றர் பூட்டிய வீட்டில் அது பணம். கோடையில் கிணற்றை நம்பும் வீட்டில் அது ஒரு பாத்திப் பயிர். குழாய் போன வழியைக் கடதாசியில் வரைந்து, காணிப் பத்திரத்தோடு வையுங்கள். பிறகு மண்வெட்டி பிடிப்பவருக்கு அது உதவும்.

இவ்வேலையை ஒவ்வொரு வீடும் தனித்தனியே செய்ய வேண்டுமென்பதில்லை. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஸ்பெனர், இரும்பு வாள், குழாய் வெட்டி ஆகியவற்றைப் பொதுவில் வாங்கலாம். ஊரிலுள்ள இளைஞர் இருவரைத் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையமொன்றில் குழாய் வேலை படிக்க அனுப்பலாம். பெண்களும் இதில் முன்வர வேண்டும். தண்ணீர் நின்றுவிட்டால் குடம் சுமப்பவர்கள் அவர்கள். யூனியனைக் கழற்றத் தெரிந்தால் பைப் பாஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தொடக்கநூல் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கும் இடம்பெயர்ந்த விவசாயியாகவே காணப்படுகிறார். விரட்டப்பட்ட இடத்தில் அவர் கிணறு தோண்டினார். அதைப் பிறர் பறித்தார்கள். இரண்டாவதையும் உரிமை கேட்டுச் சண்டையிட்டார்கள். மூன்றாவதைத் தோண்டியபோதுதான் சண்டை ஓய்ந்தது. அதற்கு அகன்ற இடம் என்று பொருள்படும் பெயரை இட்டார். இழந்த மண்ணுக்கு நியாயம் கேட்பதை நாம் கைவிடலாகாது. அதேவேளை, வந்து சேர்ந்த மண்ணில் தண்ணீரை ஒழுகாமல் வீட்டுக்குள் கொண்டுவருவதும் வேரூன்றுவதன் ஒரு பகுதியே.