பழைய பெட்டியும் புதிய இரைச்சலும்

அண்மையில் வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, பரணிலிருந்து என் தந்தையின் சிற்றலை வானொலிப் பெட்டி கிடைத்தது. இரவு 9.15 மணிக்கு பிபிசி தமிழோசை கேட்பதற்காகவே அவர் அதை வாங்கினார். திருகை மயிரிழை அளவு நகர்த்தி, லண்டனிலிருந்து வரும் குரலை அவர் பிடிக்கும்வரை வீட்டில் யாரும் பேசக் கூடாது. 2017 ஏப்ரல் இறுதியோடு தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றது. பெட்டியும் பரணுக்குப் போயிற்று.

பழைய பொருள்கள் வாங்குபவரிடம் கொடுப்பதற்கு முன் பேட்டரி போட்டு இயக்கிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல். பெட்டியின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணிய வேளையில் மின்சாரம் நின்றது. மறுகணமே இரைச்சல் அடங்கி, சீன மொழிக் குரல் ஒன்று தெளிவாகக் கேட்டது. மின்சாரம் திரும்பியதும் அந்தக் குரல் மீண்டும் மூழ்கிப் போயிற்று. பழுது பெட்டியில் இல்லை, என் வீட்டில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

தந்தையின் காலத்தில் வீட்டில் எரிந்தவை இழை பல்புகள். அவை வானொலிக்குத் தொல்லை தருவதில்லை. இன்றைய எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், தொலைக்காட்சி ஆகியவற்றின் உள்ளே மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கப்படுகிறது. அதனால் எழும் மின்காந்த இரைச்சல் மின்கம்பிகள் வழியே பரவி, 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைப் பரப்பையும் நிறைத்துவிடுகிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து மெலிந்து வரும் குரல் அதில் கரைந்துபோவதில் வியப்பில்லை.

எனவே, முதல் வேலை வீட்டை அமைதிப்படுத்துவது. பெட்டியைப் பேட்டரியில் இயக்கியபடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். என் வீட்டில் ஒரு சார்ஜரும் கூடத்து விளக்கும் அகப்பட்டன.

அடுத்தது நேரம். சிற்றலைகள் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால்தான் கண்டம் கடக்கின்றன. பகலில் அதன் கீழடுக்கு, குறைந்த அதிர்வெண் அலைகளை விழுங்கிவிடுகிறது. உயர் அதிர்வெண் அலைகள் அதைக் கடந்து மேலடுக்கில் பட்டுத் திரும்புகின்றன. சூரியன் மறைந்ததும் கீழடுக்கு கலைந்துவிடும். ஆகவே, பகலில் 16, 19 மீட்டர் பட்டைகளிலும், இருட்டிய பின் 31, 41, 49 மீட்டர் பட்டைகளிலும் தேடுவது நலம். பெட்டியில் மெகாஹெர்ட்ஸ் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தால், 300-ஐ மீட்டர் எண்ணால் வகுத்துக்கொள்ளலாம். 31 மீட்டர் என்பது ஏறத்தாழ 9.7 மெகாஹெர்ட்ஸ். நண்பகலில் 49 மீட்டரைத் திருப்பிவிட்டுப் பெட்டியைக் குறை கூறுவது நியாயமன்று.

மூன்றாவது ஆண்டெனா. கான்கிரீட் சுவருக்குள் பெட்டியின் குச்சி மட்டும் போதாது. எட்டு அல்லது பத்து மீட்டர் நீளமுள்ள, உறையிட்ட செம்புக் கம்பியை, மின்கம்பிகளுக்கு அருகே செல்லாதவாறு மாடியில் கட்டி, அதன் மறுமுனையைக் குச்சியோடு இணைக்கலாம். கம்பி நீளமானால் சிறிய டிரான்சிஸ்டர் பெட்டிகள் திணறும். ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறி ஒலிக்கும். அப்போது கம்பியை நேரடியாக இணைக்காமல், குச்சியைச் சுற்றி நான்கைந்து சுற்றுகள் சுற்றினாலே போதும். இடி மின்னலின்போது வெளிக்கம்பியைத் தொடக் கூடாது. மழைக்காலத்தில் மேகம் திரளும் முன்பே கழற்றிவிடுவது நல்லது.

கடைசியாகத்தான் பெட்டியின் உட்புறம். பேட்டரி கசிந்து பச்சை படிந்த முனைகளைச் சுரண்டித் துடைக்க வேண்டும். பட்டை மாற்றும் சுவிட்சிலும் ஒலித் திருகிலும் கரகரப்பு இருந்தால், அதற்கென விற்கும் துப்புரவுத் திரவம் பெரும்பாலும் சரிசெய்துவிடும். நேரடியாக மின்சாரத்தில் இயங்கும் பழைய வால்வு ரேடியோ என்றால் நாமே திறப்பது ஆபத்து. அதன் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் பாயக்கூடும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

கைப்பேசியில் உலகமே கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று என் மகன் கேட்டான். 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது டெல்டா மாவட்டங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பல நாள்கள் முடங்கியதை அவனுக்கு நினைவூட்டினேன். 2022 மார்ச்சில், போர் தொடங்கிய சில நாள்களிலேயே, உக்ரைனுக்காக பிபிசி மீண்டும் சிற்றலையில் ஒலிபரப்பத் தொடங்கியது. செல்பேசிக் கோபுரமும் இணையமும் இல்லாமல் செய்தியைக் கொண்டுவந்து சேர்க்கும் வழியை உலகம் இன்னும் முற்றாகக் கைவிடவில்லை.

நாம்தான் அறியாமல் அந்த வழியை அடைத்துக்கொண்டிருக்கிறோம். விளக்கு வாங்கும்போது விலையையும் வெளிச்சத்தையும் பார்க்கிறோம். இரைச்சலை வடிகட்டும் பாகம் அதில் இருக்கிறதா என்று கேட்பதில்லை. மலிவான தயாரிப்புகள் பலவற்றில் அது இருப்பதில்லை. புகையையும் குப்பையையும் போல மின்காந்த இரைச்சலையும் ஒரு மாசாகக் கருதி, அதற்கான தரக் கட்டுப்பாட்டை அரசு கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த வேண்டும்.

அதுவரை, உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு பெட்டி இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் வைத்து மெல்லத் திருகிப் பாருங்கள். வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று என் தந்தை சொன்னதன் பொருள் எனக்கு இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது.