டீசல் ரக்கின் பம்ப் பழுதா? வாங்குமுன் அளந்து பாருங்கள்

மில்லிக்கனில் ஸ்ரீல்ஸ் வீதிக்குத் தெற்கேயுள்ள தொழிற்பேட்டை யூனிற்றுகளை ஒரு சனிக்கிழமை காலையில் சுற்றிவந்தால், எம்மவரில் எத்தனை பேர் சொந்த ரக்கை நம்பிச் சீவிக்கிறார்கள் என்பது விளங்கும். மரக்கறி இறக்குபவர், தளபாடம் ஏற்றுபவர், கூரை வேலைக்குப் பலகை கொண்டு போபவர், மாரியில் பனி தள்ளுபவர் என்று பலர். புதிதாக வந்தவர்கள் சீட்டுக் காசை எடுத்து முதலில் வாங்குவதும் அநேகமாகப் பழைய டீசல் பிக்கப் ஒன்றைத்தான். விலை குறைவு, பாரம் இழுக்கும், எஞ்சின் நெடுங்காலம் நிற்கும். ஆனால் ஒருநாள் காலையில் அது ஸ்ராட் ஆகாது. கராஜில் “பம்ப் போய்விட்டது” என்பார்கள். ஆயிரம் டொலருக்கு மேற்பட்ட ஒரு தொகையும் சொல்வார்கள்.

அந்த இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பம்ப்?

டீசல் வண்டியில் பொதுவாக இரண்டு பம்ப் உண்டு. ராங்கியிலிருந்து டீசலை எஞ்சின்வரை கொண்டு வருவது ஒன்று. சின்னது, விலையும் குறைவு. அந்த டீசலைப் பெரும் அழுத்தத்தில், சரியான நேரத்தில் சிலிண்டருக்கு அனுப்பும் வேலையைச் செய்வது மற்றது. விலையுயர்ந்தது அதுதான். ஊரில் லேலண்ட் லொறிக்காரர் டீசல் முடிந்து நின்றால் எஞ்சின் பக்கத்தில் குனிந்து கையால் அடித்து அடித்து ‘எயார் எடுப்பதை’ நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் அடித்தது சின்னப் பம்பின் கைப்பிடியை. பெரிய பம்புக்குள் காற்றுப் போனால் வண்டி அசையாது என்பது அவருக்குத் தெரியும்.

எங்களுக்குத் தெரிந்திருந்தும் அது உதவவில்லை. 2007 இல் நாங்கள் இருவர் கூட்டாக 1999 ஆம் ஆண்டு டொட்ஜ் ராம் ஒன்று வைத்திருந்தோம். கமின்ஸ் 5.9 லீற்றர் எஞ்சின், 24 வால்வு. ஏற்றத்தில் வலு விழுந்தது, பிறகு எஞ்சின் விளக்கு எரிந்தது. கணினியில் பி 0216 என்ற குறி வந்தது. அது பெரிய பம்பின் நேரம் பிசகியதைக் காட்டும் குறி. ஒரு கராஜில் பெரிய பம்பை மாற்றினார்கள். நாலு மாதத்தில் அதே குறி திரும்ப வந்தது. வொரன்ரி கேட்டுப் போனபோது, “மாற்றிய அன்று சின்னப் பம்பின் அழுத்தம் எவ்வளவு? எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்றார்கள். ஒருவரும் அளக்கவில்லை. எங்கள் காசு போயிற்று.

இரண்டாவது இடத்தில் இருந்த முதிய மெக்கானிக் பம்பைத் தொடவேயில்லை. பில்ரருக்கும் பெரிய பம்புக்கும் இடையில் ஒரு மீற்றரைப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டார். சும்மா நின்று ஓடும்போதே சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய அழுத்தம், எங்கள் வண்டியில் 3 காட்டியது. அக்சிலறேற்றரை மிதித்தால் முள் பூச்சியத்தில் படுத்தது.

1998 நடுப்பகுதியிலிருந்து 2002 வரையான அந்த டொட்ஜ் வண்டிகளில் இருப்பது பொஷ் நிறுவனத்தின் விபி 44 என்ற பம்ப். அதற்கு எஞ்சின் ஒயில் கிடையாது. அதன் வழியாக ஓடும் டீசல்தான் அதற்கு ஒயில். அதுவே சூட்டையும் தணிக்கிறது. உள்ளே போகும் டீசலில் எரிவது கொஞ்சம். பெரும்பகுதி சூட்டை ஏந்திக்கொண்டு ராங்கிக்குத் திரும்புகிறது. சின்னப் பம்ப் களைத்தால் பெரியது காய்ந்து தேய்கிறது. சின்னப் பம்பைக் கொம்பனி எஞ்சினிலேயே பொருத்தியிருந்ததும் ஒரு வினை. அந்த வகைப் பம்ப் தள்ளுவதில் கெட்டி, தூரத்திலிருந்து இழுப்பதில் சோனி. அதனால்தான் பலர் அதை ராங்கிக்கு அண்மையில், சட்டத்தில் பூட்டிக்கொண்டார்கள். நாங்களும் அப்படியே செய்தோம்.

ஆகவே அழுத்தம் குறைவென்றால் முதலில் பில்ரரைப் பாருங்கள், பிறகு ரப்பர் குழாய்களின் வெடிப்பை, பிறகு சின்னப் பம்புக்கு வரும் மின்சாரத்தை. பாரத்தோடு ஏறும்போது 5 இறாத்தலுக்குக் கீழே இறங்குகிற வண்டிக்குப் புதுப் பம்ப் பூட்டுவது காசை எரிப்பது.

எல்லா வண்டிக்கும் கதை ஒன்றல்ல. 1994 முதல் 1998 தொடக்கம்வரை வந்த 12 வால்வு கமின்ஸில் உள்ள பி 7100 பம்ப் எஞ்சின் ஒயிலில் ஊறுவது, இலகுவில் சாகாது. அது ஸ்ராட் ஆகாவிட்டால் டீசலை அடைக்கும் சொலனொயிட்டைப் பாருங்கள். ஜெனரல் மோட்டோர்ஸின் 6.5 லீற்றர் டீசலில், 1994 இலிருந்து, பம்பின் மேலேயே ஒரு கறுத்த மின்னணுப் பெட்டி பூட்டியிருப்பார்கள். எஞ்சின் சூட்டில் அது அவிந்துபோக, பம்பையே மாற்றிய ஆட்கள் ஏராளம். பெட்டியை மட்டும் மாற்றி, காற்றுப்படும் இடத்தில் தள்ளிப் பூட்டினாற் போதும்.

புதிய வண்டி வாங்குபவர்கள் வேறொன்றைக் கவனிக்கவேண்டும். 2011 முதல் 2016 வரையான டியூராமக்ஸ் ரக்குகளிலும், 2011 இலிருந்து வந்த போர்ட் 6.7 லீற்றர் டீசலிலும் சிபி 4 என்ற பொஷ் பம்ப் இருக்கிறது. 2019, 2020 ராம் டீசல்களிலும் அதுவே இருந்தது. 2021 இல் அவற்றைத் திரும்ப அழைத்தார்கள். இது உள்ளே உடைந்தால் இரும்புத்தூள் குழாய் வழியே இன்ஜெக்டர்வரை போகும். அப்போது பம்பை மட்டும் மாற்றி முடிக்கிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பில்ரரைக் கழற்றி மினுங்கும் தூள் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

பெரிய பம்பே பழுது என்று உறுதியானபின் வாங்குவதைப் பற்றிச் சொல்வோம். பழைய பம்பின் தகட்டில் உள்ள இலக்கத்தையும் வண்டியின் வின் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். “1999 டொட்ஜ்” என்று வாயாற் சொன்னாற் போதாது. 2001, 2002 இல் ஆறு கியரோடு வந்த கூடிய வலுவுள்ள எஞ்சினுக்குப் பம்ப் இலக்கம் வேறு. மறுசீரமைத்த பம்ப் என்றால் சோதனை மேசையில் ஓட்டிப் பார்த்த அளவுத்தாளைக் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். உடைத்து விற்கும் யார்ட்டில் கிடக்கும் விபி 44 மலிவுதான்; அது ஏன் அந்த யார்ட்டுக்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்? வாங்கும்போது பழைய பம்புக்கென்று ஒரு முற்பணமும் பிடிப்பார்கள். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் அது கிடைக்கும், நாட்கணக்கைக் கேட்டு வையுங்கள். பழைய பம்பைக் குப்பைக்குள் எறிந்துவிட்டு அழுதவர்களை அறிவோம்.

பம்பின் தண்டில் சிறு சாவித்துண்டு ஒன்று இருக்கும். அதில் குத்தியுள்ள இலக்கம் பம்பின் தகட்டோடு ஒத்துப்போகவேண்டும். பழைய சாவியைப் புதுப் பம்பில் போட்டால் நேரம் பிசகும். கழற்றும்போது அது கியர்ப் பெட்டிக்குள் விழுந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

கடைசியாக டீசல் பற்றி. 1990 இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். அந்தக் கெட்டித்தனத்தை இங்கே டீசல் ராங்கியில் காட்டவேண்டாம். குளிருக்கு உறையாது என்று மண்ணெண்ணெய் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு வழவழப்புக் குறைவு, பம்ப் தேயும். 2006 இலிருந்து கனடாவில் றோட்டு டீசலின் கந்தகம் பத்து இலட்சத்தில் 15 பங்காகக் குறைக்கப்பட்டதால் எண்ணெயின் இயல்பான வழவழப்பு ஏற்கெனவே குறைந்துவிட்டது. அதை ஈடுசெய்யத்தான் சேர்மானம் கலக்கிறார்கள். மாரிக்கு ஏற்ற கலவையும் ஒன்ராறியோ நிலையங்களில் தானாகவே வருகிறது. இங்கே ‘காஸ்’ என்றால் பெற்றோல் என்பதையும் வந்த புதிதில் மறக்கவேண்டாம். குழாயின் நிறத்தைப் பாராமல் எழுத்தை வாசியுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று சிவப்புச் சாயமிட்ட வரியில்லா டீசலை ஊற்றினால் தண்டம் வரும்.

எங்கள் ரக்கில் அந்த மீற்றரைக் கழற்றவில்லை. குழாயை நீட்டி உள்ளே கொண்டுவந்து, ஓட்டுபவர் கண்ணில் படும்படி பூட்டினோம். அதற்கு ஆன செலவு நாங்கள் பறிகொடுத்த பம்பின் விலையில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. 2013 இல் வண்டியை விற்கும்வரை இரண்டாவது பம்ப் ஓடியது. நடுவில் ஒருமுறை முள் 8 இல் நின்றதைக் கண்டு, அன்று மாலையே பில்ரரை மாற்றினோம்.