ஐம்பது சொற்களால் எழுப்பிய வேலி

1897-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரையில் இருந்த நேட்டால் என்னும் பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது அதன் பெயர். அதன் நோக்கத்தை அறியாத ஒருவர் அதைப் படிப்பாராயின், எவரையும் வேற்றுமைப்படுத்தாத ஓர் ஒழுங்குமுறை என்றே எண்ணுவார். இந்தியர் வரலாகாது என்று அது கூறவில்லை. கப்பலிலிருந்து இறங்குபவர், அதிகாரி கேட்டால், ஐரோப்பிய மொழி ஏதேனும் ஒன்றின் எழுத்தில் ஒரு விண்ணப்பத்தைத் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். பெயர், சென்ற ஓராண்டாக வசித்த இடம், தொழில், பிறந்த ஊர் போன்ற விவரங்களே அந்த விண்ணப்பத்தின் வாசகம். எழுத இயலாதவர் ‘தடுக்கப்பட்ட குடியேறி’ ஆவார். தமிழையோ குஜராத்தியையோ அவர் எவ்வளவு செம்மையாகக் கற்றிருந்தாலும், அச்சட்டத்தின் முன் அவர் எழுத்தறியாதவரே.

இப்படிச் சுற்றிவளைத்துச் சட்டம் செய்வானேன் என்று நேயர்கள் கேட்கலாம். 1858-இல் விக்டோரியா மகாராணியார் வெளியிட்ட பிரகடனம், இந்தியப் பிரஜைகளுக்கும் ஏனைய பிரஜைகளுக்கும் தாம் கடமைப்பட்டிருப்பது ஒரே விதமாகவே என்று வாக்களித்திருந்தது. இந்தியரை இனத்தின் பெயர் சொல்லி விலக்கினால், அந்த வாக்குப் பொய்யாகிவிடும். 1896-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சட்டசபை, நிறத்தை வெளிப்படையாகவே குறிப்பிட்டு ஒரு மசோதாவை நிறைவேற்றியபோது, லண்டன் அதற்கு ஒப்புதல் தரவில்லை. ஆகவே, கருதியதைச் சொல்லாமலே செய்து முடிக்கும் ஒரு வாசகம் தேவைப்பட்டது. நேட்டால் அதனைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் பல்லாயிரவர் சென்றனர். அவர்களில் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. கூலிகள் வந்தவரையில் வெள்ளையர்க்கு மனக்குறை இல்லை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கிக் காய்கறி பயிரிட்டதும், குஜராத்திலிருந்து சொந்தச் செலவில் வந்த வியாபாரிகள் கடை வைத்ததுமே அவர்கள் கண்ணை உறுத்தின. 1897 ஜனவரியில், ‘கூர்லாண்ட்’, ‘நாதேரி’ என்னும் இரு கப்பல்களில் வந்த இந்தியரை இறங்கவிடாது தடுக்க டர்பனில் பெருங்கூட்டம் திரண்டது. அவற்றுள் ஒன்றில் வந்த காந்தியடிகள் கரையேறியதும் தாக்கப்பட்டார். அந்தக் கூட்டத்தின் விருப்பத்தை அதே ஆண்டிலேயே சட்டம் நிறைவேற்றி வைத்தது.

ஒப்பந்தக் கூலிகளாக அழைத்து வரப்படுவோர்க்கு இந்த மொழிச் சோதனை இல்லை. அரசாங்கம் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின்படி வருவோர்க்கு விதிவிலக்கு என்று சட்டமே கூறிற்று. கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரலை ஒற்றியவனுக்குக் கதவு திறந்திருந்தது. தன் காசில் சீட்டு வாங்கிக்கொண்டு சுதந்திர மனிதனாக வந்தவனுக்கே அது மூடிக்கொண்டது. வேண்டாதது இந்தியனுடைய உழைப்பன்று, அவனுடைய குடியுரிமையே. நேட்டாலுக்குக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1911-இல்தான் நிறுத்தியது.

1897-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மகாராணியாரின் அறுபதாம் ஆண்டு விழாவுக்காகக் குடியேற்ற நாடுகளின் பிரதம மந்திரிகள் லண்டனில் கூடினர். குடியேற்ற நாடுகளின் மந்திரியாயிருந்த ஜோசப் சேம்பர்லேன், இனத்தையும் நிறத்தையும் குறித்துச் சட்டம் செய்ய வேண்டாமென்றும், நேட்டாலின் முறையைப் பின்பற்றலாமென்றும் அவர்களுக்கு எடுத்துரைத்தார். மேற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ், டாஸ்மேனியா, நியூசிலாந்து ஆகியவை அடுத்த சில ஆண்டுகளுக்குள் அவ்வாறே செய்தன.

இம்முறை முழு வளர்ச்சி பெற்றது ஒன்றுபட்ட ஆஸ்திரேலியாவில்தான். 1901-இல் அமைந்த முதற் பாராளுமன்றம், அவ்வாண்டிலேயே குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றிற்று. அதிகாரி ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்கள் கொண்ட பகுதியை வாசிப்பார். வந்தவர் அதைக் கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பதைத் தீர்மானிப்பவர் அதிகாரியே. ஆங்கிலம் அறிந்தவர் வந்தால் வேறொரு மொழி. அதையும் அறிந்தவரென்றால் இன்னொன்று. வேண்டாதவருக்கு அவர் அறியாத மொழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதிகாரிகளுக்கு இடப்பட்ட கட்டளை. 1902 முதல் 1909 வரை இச்சோதனைக்கு உட்பட்ட 1,359 பேரில் தேறியவர் 52 பேரே. அதன்பின் ஒருவரும் தேறவில்லை. தேறக்கூடியவருக்குச் சோதனையே வைப்பதில்லை என்பதுதான் அதன் இரகசியம்.

சொற்களை எடைபோடுவதையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில், இச்சட்டத்தின் ஒரு திருத்தம் எனக்குப் பெரிதும் வியப்பளிக்கிறது. ‘ஐரோப்பிய மொழி’ என்ற சொல் தங்களை இழிவுபடுத்துவதாக ஜப்பானியர் முறையிட்டனர். ஜப்பானோ அப்போது பிரிட்டனின் நேச நாடு. எனவே 1905-இல் அதை ‘விதிக்கப்படும் மொழி’ என மாற்றினர். சொல் மாறியதே அன்றி, ஆசிய மொழி எதுவும் விதிக்கப்படவேயில்லை.

1934-இல் இந்த வேலி அதை எழுப்பியவர்களையே நகைப்புக்கு இடமாக்கிற்று. எகான் கிஷ் என்ற செக் நாட்டு எழுத்தாளரை, அவருடைய அரசியல் கருத்துக்களுக்காக ஆஸ்திரேலிய அரசாங்கம் தடுக்க விரும்பியது. அவர் பல ஐரோப்பிய மொழிகளை அறிந்தவர். ஆகவே ஸ்காட்லாந்து மலைநாட்டின் கேலிக் மொழியில் சோதனை வைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அம்மொழி சட்டம் கருதிய ஐரோப்பிய மொழியாகாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஸ்காட்லாந்துக்காரர்கள் அத்தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்திருக்கமாட்டார்கள்!

கனடா பிடித்த வழி வேறு. சீனர்மேல் அது 1885-இல் ஐம்பது டாலர் தலைவரி விதித்து, 1903-க்குள் அதை ஐந்நூறாக உயர்த்தியிருந்தது. பிரிட்டிஷ் பிரஜைகளான இந்தியர்மேல் அவ்வாறு செய்ய இயலாது. ஆகவே 1908-இல், பிறந்த நாட்டிலிருந்து இடையில் மாறாமல் ஒரே பயணமாக வருபவரே இறங்கலாம் என்று உத்தரவிட்டது. இந்தியாவிலிருந்து அவ்வாறு நேராகச் செல்வதற்கு வழியில்லாதபடி பார்த்துக்கொண்டார்கள். 1914 மே 23-இல், பெரும்பாலும் சீக்கியரான 376 பேருடன் ‘கோமகட்டா மாரு’ வான்கூவரை அடைந்தது. ஏற்கெனவே அங்கு வசித்துத் திரும்பியவர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் இரண்டு மாதம் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தபின் திருப்பி அனுப்பப்பட்டனர். செப்டம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ்பட்ஜில் இறங்கியவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காயினர், பலர் உயிரிழந்தனர். இதற்காகக் கனடாவின் பிரதமர் தம் நாட்டுப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016-இல்.

அதே 1914-இல்தான் தில்லையாடி வள்ளியம்மையும் மறைந்தார். டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்கு எல்லை கடப்பதையும் குற்றமாக்கிய சட்டங்களை மீறிச் சிறை சென்று, நோயுடன் விடுதலையாகி, 16 வயதில் பிப்ரவரி 22-ஆம் தேதி உயிர் நீத்தார். ஒப்பந்தம் முடிந்து தங்கிய கூலிகள்மேல் நேட்டால் விதித்திருந்த மூன்று பவுன் வரி அவ்வாண்டு நீக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் முன்பே குடியிருந்த இந்தியரின் உரிமைக்காக வாதாட 1922-இல் அங்குச் சென்றவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அவருடைய ஆங்கிலத்தை ஆங்கிலேயரே போற்றினர். அரசாங்கப் பிரதிநிதியாக அல்லாமல் சாதாரணப் பிரயாணியாக அவர் போயிருந்தால், ஸ்வீடிஷ் மொழியில் ஐம்பது சொற்களைப் படித்துக்காட்டி அவரைத் திருப்பியிருக்கவும் சட்டம் இடம் தந்தது. 1925-இல் ஆஸ்திரேலிய வாழ் இந்தியர்க்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது. மொழிச் சோதனை 1958 வரை நீடித்தது.

அங்கேயே குடியிருந்த ஆசியர், தாயகம் சென்று திரும்ப வேண்டுமானால், சோதனையிலிருந்து விலக்களிக்கும் சான்றிதழ் பெற்றுச் செல்ல வேண்டியிருந்தது. நேர்முகமாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் புகைப்படங்கள். மையில் தோய்த்த கையின் பதிவு. ஊர் ஊராகத் துணிமூட்டை சுமந்து விற்ற பஞ்சாபியரும், பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டியவர்களும் அவ்வாறு கை பதித்துச் சென்றனர். அச்சான்றிதழ்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.